எனக்கு எண்டார்பின் சுரக்கவே இல்லையா டாக்டர்?

வாசகி எழுதியது, சுருக்கமாக:

வணக்கம் டாக்டர். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். வயது 44. வீட்டிலேயே தையல் வேலை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். பையன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். ஒரு வருஷமாக இடுப்பு, கழுத்து, முட்டி எல்லாம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. காலையில் குனிந்து கோலம் போட முடியவில்லை. மனசும் எதிலும் ஒட்டவில்லை. யூடியூபில் பார்த்து தினமும் ஏரிக்கரையில் இருபது நிமிஷம் நடக்கிறேன். எண்டார்பின் சுரக்கும், உடம்பு அப்படியே பறக்கும் என்றார்கள். எனக்கு ஒன்றும் பறக்கவில்லை, முட்டிதான் வலிக்கிறது. எனக்கு எண்டார்பின் சுரக்கவே இல்லையா? அதற்கு ரத்த டெஸ்ட் உண்டா? தெரிந்த அக்கா ஒருத்தர் எண்டார்பின் கூட்டும் கேப்ஸ்யூல் என்று ஒரு டப்பாவை 1,800 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். அவருக்கு நன்றாகக் கேட்டதாம். வாங்கலாமா? என்ன சாப்பிட்டால் அது கூடும்? இப்போதைக்கு வலி தாங்காத நாளில் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.

பதில்:

அம்மா, முதலில் அந்த டப்பா. வாங்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எண்டார்பின் என்பது வலியை அடக்க உடம்பே சுரக்கிற ஒரு புரதத் துண்டு. அதில் முக்கியமான பீட்டா எண்டார்பினில் 31 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோர்த்திருக்கும். அசல் எண்டார்பினையே கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுத்தாலும், வயிற்றுக்குள் போனதும் நீங்கள் சாப்பிட்ட பருப்புக்கு என்ன கதியோ அதே கதிதான் அதற்கும், உடைந்து ஜீரணமாகிவிடும். இன்சுலினை மாத்திரையாகக் கொடுக்காமல் ஊசியாகப் போடுவதற்கும் இதுதான் முக்கியக் காரணம். ஆக அந்த டப்பாவில் வைட்டமினோ ஏதோ ஒரு பொடியோ இருக்கலாம், எண்டார்பின் இருந்து பயனில்லை.

அப்படியானால் அந்த அக்காவுக்கு எப்படிக் கேட்டது? அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். 1978ல் அமெரிக்காவில் ஜான் லெவைன், நியூட்டன் கோர்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் என்ற மூன்று பேர், கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். மருந்தே இல்லாத ஊசியைப் போட்டும் சிலருக்கு வலி குறைந்தது. பிறகு அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி திரும்ப ஏறியது. அதாவது, நமக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், சரியாகிவிடும் என்ற நம்பிக்கையே உடம்புக்குள் எண்டார்பின் போன்றவற்றைக் கிளப்பிவிட்டிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். உங்கள் அக்காவுக்கும் கொஞ்ச நாள் அப்படி வேலை செய்திருக்கலாம். அதற்கு 1,800 ரூபாய் அதிகம்.

ரத்த டெஸ்ட்டும் வேண்டாம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ரத்தத்தில் எண்டார்பினை விடுகிறது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே தனியாகச் செய்துகொள்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது, பீட்டா எண்டார்பின் அதைச் சுலபமாகத் தாண்டுவதில்லை. அதனால் ரத்தத்தில் எவ்வளவு என்று அளந்தாலும் உங்கள் மூளையில் என்ன நடக்கிறது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. எந்த லேப்பாவது பேக்கேஜில் சேர்த்துத் தருகிறேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. சுரக்கவே இல்லையா? சுரக்கும். எல்லாருக்கும் சுரக்கும். ஆனால் வீடியோவில் சொன்ன மாதிரி சந்தோஷம் கொடுப்பதற்கென்றே அது இருக்கிறது என்பது பாதி உண்மைதான். அதன் முதல் வேலை வலியை அடக்குவது.

அபினும் மார்ஃபினும் ஏன் வலியைக் குறைக்கின்றன என்று தேடியபோதுதான் இது தெரிய வந்தது. நீங்கள் தையல்காரர், உங்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அபின் ஒரு பட்டன் என்றால், அதற்குச் சரியாகப் பொருந்தும் காஜா, அதாவது பட்டன் துளை, நம் மூளையில் ஏற்கெனவே அடித்து வைத்திருக்கிறது. 1973ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அந்தக் காஜாவை அடையாளம் காட்டினார்கள். உடனே அடுத்த கேள்வி வந்தது. ஏதோ ஒரு செடியின் பாலுக்காகவா மனித மூளையில் காஜா அடித்திருக்கும்? உடம்புக்குள்ளேயே சொந்தப் பட்டன் இருக்க வேண்டுமே. 1975ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அப்படி ஒரு சொந்தப் பட்டனைப் பிரித்தெடுத்தார்கள், அதன் பெயர் என்கெஃபலின். அதற்கடுத்து சோ ஹாவ் லீ என்ற விஞ்ஞானி ஒட்டகத்தின் பிட்யூட்டரியிலிருந்து பீட்டா எண்டார்பினை எடுத்தார்.

உடம்பு இதை எப்போது வெளியே விடும்? பொங்கல் முடிந்து கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழாக்கள் நடக்குமே, அந்தச் சமயத்தில் அடிபட்டு வருகிற பையன்களிடம் கேட்டால் தெரியும். தொடை கிழிந்திருக்கும், ரத்தம் வழிந்து பேன்ட் நனைந்திருக்கும், பக்கத்தில் நின்றவன் சொல்லித்தான் பார்த்தேன் என்பான். ராத்திரி வீட்டுக்குப் போன பிறகுதான் கத்த ஆரம்பிப்பான். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் பிட்யூட்டரியில் ஒரு பெரிய புரதம் துண்டாகிறது, ஒரு துண்டு மன அழுத்த ஹார்மோனைக் கிளப்பிவிடுகிறது, இன்னொரு துண்டுதான் பீட்டா எண்டார்பின். இரண்டும் ஒரே புரதத்திலிருந்து வருகின்றன என்பதைக் கவனியுங்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் எண்டார்பினும் என்கெஃபலினும் அந்தக் காஜாக்களில் மாட்டிக்கொண்டு, வலிச் செய்தி மேலே போகாமல் தணிக்கின்றன. ஓடித் தப்பிக்க அவகாசம் கிடைக்கிறது. மூளையின் இன்னொரு பகுதியில் இதே எண்டார்பின், ஆர்வத்தையும் இன்பத்தையும் தூண்டும் டோபமைன் என்ற பொருளின் மேல் இருக்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதால் கொஞ்சம் இதமும் சேர்ந்துகொள்கிறது.

அப்படியென்றால் நடந்தால் பறக்குமா? எங்கள் துறையிலேயே இதற்கு இன்னும் வாதம் நடக்கிறது. 2008ல் ஜெர்மனியில், இரண்டு மணி நேரம் ஓடிய ஓட்டக்காரர்களின் மூளையை, உள்ளே நடப்பதைப் படம்பிடிக்கும் பெட் (PET) ஸ்கேன் செய்து பார்த்து, எண்டார்பின் வகைப் பொருட்கள் வெளிவந்திருப்பதற்கு அடையாளம் கண்டார்கள். இரண்டு மணி நேரம், அதுவும் நன்றாகப் பழகியவர்கள். ஆனால் 2021ல் அதே ஜெர்மனியில் இன்னொரு ஆராய்ச்சி, காஜாவை அடைத்துவிடும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஓடச் சொன்னார்கள், அப்போதும் அவர்களுக்கு அந்த உற்சாகம் வந்தது. அப்படியானால் அந்த மிதப்புக்குக் காரணம் வேறு ஏதோ, பெரும்பாலும் உடம்பே செய்துகொள்கிற, கஞ்சாவில் இருப்பதைப் போலச் செயல்படும் கொழுப்புச் சார்ந்த பொருட்கள், என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். அவை மூளையின் தடுப்பைச் சுலபமாகத் தாண்டும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது பின்லாந்தில் துர்க்கு நகரத்துக்காரர்கள் செய்தது. ஒரு மணி நேரம் நிதானமான உடற்பயிற்சி, இன்னொரு நாள் மூச்சு வாங்க விட்டு விட்டுச் செய்கிற கடுமையான பயிற்சி. கடுமையான பயிற்சியில்தான் எண்டார்பின் வகை நன்றாக வெளிப்பட்டது, நிதானமானதில் பொதுவாகப் பெரிய மாற்றம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கடுமையான பயிற்சியில் அது அதிகமாக வெளிப்பட்டவர்கள்தான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்றும் சொன்னார்கள்! உடம்பு நொந்துபோனதைச் சமாளிக்க வந்த எண்டார்பின் அது. நிறைய வந்தால் நிறைய சந்தோஷம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஆராய்ச்சியைப் பேசுவதே இல்லை.

ஆகவே உங்களுக்குப் பறக்கவில்லை என்பதில் ஒரு கோளாறும் இல்லை. நடைப்பயிற்சி மனசுக்கும் மூட்டுக்கும் நல்லது என்பது நிஜம், ஆனால் அது தூக்கம், ரத்த ஓட்டம், தசை பலம் என்று பல வழியில், வாரக்கணக்கில் வருகிற நல்லது. நடந்து முடித்த ஐந்தாவது நிமிஷத்தில் அதைத் தேடாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் உறுத்துகிறது. இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்கிறது, குனிந்து கோலம் போட முடியவில்லை. பாலக்கோடு பக்கம். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அது அதிகமானால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும், அந்த நோய்க்குப் பெயர் ஃபுளோரோசிஸ். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது, ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013ல் திறந்தார்கள், எல்லாம் இதற்காகத்தான். குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வருஷக்கணக்கில் தாண்டினால் சின்ன வயதில் பல்லில் பழுப்புக் கறையாகத் தெரிவது, பிற்பாடு எலும்பில் போய்ச் சேர்ந்து கழுத்தையும் முதுகையும் இறுக்கிவிடும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் இடுப்புப் பிடிப்பு என்று யார் வந்தாலும் இதைக் கேட்காமல் விட முடியாது.

வீட்டிலேயே மூன்று செய்து பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் ஒரு ரூபாய்க் காசை எடுக்க முடிகிறதா? தாடையை நெஞ்சில் தொட வைக்க முடிகிறதா? இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்மண்டையைத் தொட முடிகிறதா? இவற்றில் ஏதாவது முடியாமல் போனால், அதோடு உங்கள் பல்லிலோ பிள்ளைகள் பல்லிலோ கறையும் இருந்தால், அரசு மருத்துவமனையில் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். தையல் வேலையாலும் மூட்டுத் தேய்மானத்தாலும்கூட இதே மாதிரி முடியாமல் போகலாம், அதைப் பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து தர்மபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் எவ்வளவு ஃபுளோரைடு என்று சொல்லிவிடுவார்கள்.

இதில் நிறைய பேர் செய்கிற தவறு இரண்டு. ஒன்று, கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைப்பது. போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். இரண்டாவது, குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர், சமைக்க போர் தண்ணீர். களி கிண்டுகிற தண்ணீரும் வயிற்றுக்குள்தானே போகிறது? ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் சமையலுக்கும் சேர்த்துப் பிடித்து வையுங்கள். சாப்பாட்டில் கால்சியமும் வைட்டமின் சியும் குறையாமல் இருந்தால் ஃபுளோரைடின் பாதிப்பு கொஞ்சம் குறையும். ராகி நம் ஊர்ச் சாப்பாடுதான், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அதோடு தினம் ஒரு நெல்லிக்காய், கீரை, மோர். கட்டன் டீயை ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், டீத்தூளிலும் ஃபுளோரைடு இருக்கிறது.

அடுத்தது செட் மாத்திரை. அந்தப் பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, பிரித்த மாத்திரையைப் பார்த்து எனக்கும் தெரியாது. வழக்கமாக ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்று மாத்திரை, சில சமயம் ஸ்டீராய்டு. வலி மாத்திரை தொடர்ந்து போனால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு. ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைக்கும், சர்க்கரையை ஏற்றும். டிரமடால் மாதிரி மாத்திரை கலந்திருந்தால் அது நேராகப் போய் நான் சொன்ன அதே காஜாவில் மாட்டும். பல வாரம் தொடர்ந்தால் மூளை அதற்குப் பழகி, அதே நிம்மதிக்கு அதிக மாத்திரை கேட்கும். எண்டார்பினைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். எப்போதாவது போடுவதாக இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். மாசக்கணக்கில் அநேகமாகத் தினமும் போட்டு வந்திருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாமல் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், ஸ்டீராய்டைத் திடீரென்று விடுவதும் ஆபத்து.

நடையை விடாதீர்கள். ஆனால் மாற்றிக்கொள்ளுங்கள். இருபது நிமிஷத்தை முட்டி வலி தணியும் வரை காலை பத்து, மாலை பத்து என்று பிரியுங்கள். வேகம், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவு. மறுநாள் காலையில் முட்டி முன்னைவிட அதிகமாக வலித்தால் அன்றைக்குக் குறையுங்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, அங்கே போய்ச் சேர இரண்டு மூன்று மாசம் ஆனாலும் பரவாயில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும்: நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பது, பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. முட்டியைத் தாங்குவது தொடைத் தசை, அதைப் பலப்படுத்தாமல் முட்டிவலி போகாது. தையல் மெஷினில், பாபின் நூல் தீரும்போதெல்லாம் எழுந்து நின்று முதுகைப் பின்னால் வளைத்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் கழுத்து முன்னால் தொங்கும், உயரத்தைச் சரி செய்யுங்கள்.

எண்டார்பினையும் விட்டுவிடவில்லை. அதைக் கூட்டச் செலவில்லாத வழி ஒன்று உண்டு, வீடியோக்காரர்கள் அதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள்: கூட்டம். ஆக்ஸ்போர்டில் ராபின் டன்பார் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, மற்றவர்களோடு சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் பிறகு வலியை அதிகமாகத் தாங்குவதைக் கண்டது, எண்டார்பின் வந்ததற்கு அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டது. அதே பல்கலைக்கழகத்தில் படகு ஓட்டும் மாணவர்களை வைத்து, தனியாகத் துடுப்பு மெஷின் இழுப்பதைவிட எல்லாரும் ஒரே தாளத்தில் சேர்ந்து இழுத்தபோது வலி தாங்கும் அளவு ஏறியதை 2010ல் எழுதினார்கள், உழைப்பு ஒன்றேதான். மாரியம்மன் பண்டிகையில் கும்மி அடிக்கிற பெண்கள் மறுநாள் களை வெட்டப் போகிறார்களே, முட்டிவலிக்காரர்களும் அதில் உண்டுதானே. நீங்கள் மகளும் பையனும் போன வீட்டில் தனியாக மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, தனியாக நடந்து, எண்டார்பினைத் தேடுகிறீர்கள். தெருவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நடங்கள். வம்பு பேசிக்கொண்டே நடந்தாலும் சரிதான், மருத்துவக் காரணத்துக்காக நான் அனுமதிக்கிறேன்.

எதைச் சாப்பிட்டால் கூடும் என்று கேட்டீர்கள். மிளகாய்க் காரம் நாக்கில் வலி உணர்கிற நரம்பையே தொடுவதால் எண்டார்பின் வரலாம் என்கிறார்கள், சாக்லேட்டுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. ஆனால் இடுப்புவலிக்கு உதவுகிற அளவுக்கு எதுவும் இல்லை. வலி மாத்திரை போட்ட வயிற்றில் பச்சை மிளகாயைக் கடிக்க வேண்டாம்.

மனசு ஒட்டவில்லை என்றதைச் சும்மா விடுவதற்கில்லை. இரண்டு வாரத்துக்கு மேல், நாளில் பெரும்பாலும் சோர்வு, பிடித்த வேலையிலும் ஆர்வமில்லை, தூக்கமோ பசியோ கெட்டுப்போச்சு என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் பாருங்கள். போக முடியாத நாளில் 14416க்குக் கூப்பிட்டால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அடுத்த நாளுக்குத் தள்ளாமல் அன்றே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். 44 வயதில் தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் டி, சர்க்கரை, மாதவிடாய் நிற்கப்போகிற மாற்றம், இவையும் இதே சோர்வையும் உடம்புவலியையும் கொடுக்கும், அந்த டெஸ்டுகளுக்கு அர்த்தம் உண்டு.

காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, ராத்திரி எழுப்பிவிடுகிற வலி, காரணமில்லாமல் எடை குறைவது, நடக்கும்போது நெஞ்சை அடைப்பது, இதில் ஒன்று இருந்தாலும் நடையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றால் இந்த வாரம் தண்ணீரைக் கொடுத்து டெஸ்ட் பண்ணுங்கள், ரிப்போர்ட்டையும் அந்த மாத்திரைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். ஃபுளோரைடு எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், ஒரே போரில் தண்ணீர் பிடிக்கிற பக்கத்து வீடுகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.